கணக்கில் வராத உதிரிபாகங்கள்

2014 மார்ச் 28 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) நிறுவனம் உலகம் முழுவதும் மேலும் 9 லட்சத்து 71 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்தது. எல்லாம் 2008 முதல் 2011 வரையிலான மாடல்கள். இவை தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது இவற்றில் இருந்த இக்னிஷன் சுவிட்ச் பற்றிப் புகார் இல்லை. குறையுள்ள சுவிட்ச் இருந்தது இவற்றுக்கு முந்தைய மாடல்களில்தான். அவற்றை ஏற்கெனவே பிப்ரவரியில் திரும்ப அழைத்தாகிவிட்டது. பிறகு நல்ல கார்களை எதற்குக் கூப்பிட வேண்டும்?

காரணம் ஸ்பேர். குறையுள்ள அதே சுவிட்சுகளில் சுமார் 95,000 டீலர்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் உதிரிபாகமாக விற்கப்பட்டிருந்தன. அதில் சுமார் 90,000 பழைய மாடல்களைப் பழுதுபார்க்கப் போய்விட்டதாக நிறுவனம் கணித்தது. மிச்சம் சில ஆயிரம். அந்தச் சில ஆயிரம் சுவிட்சுகள் எந்தக் காரில், யாருடைய சாவிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கின்றன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவற்றைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய பத்து லட்சம் கார்களையும் கூப்பிடுவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போனது.

வாகன உதிரிபாகங்களின் தரம் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த விவரம்தான் முதலில் நினைவுக்கு வரும். புதுக் காரில் போகும் பாகத்துக்கு வரலாறு இருக்கிறது. கடையில் வாங்கி மாற்றும் பாகத்துக்கு அது இல்லை. நாம் படும் எரிச்சலில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டிலிருந்துதான் வருகிறது.

அந்தச் சுவிட்சின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சாவியைத் திருப்பும்போது ஒவ்வொரு நிலையிலும் 'டக்' என்று அதை நிறுத்தி வைப்பது உள்ளே இருக்கும் பிளஞ்சர் என்ற ஒரு சிறு முளையும் அதைத் தள்ளும் ஸ்பிரிங்கும்தான். அந்தப் பிடிப்புக்கு, அதாவது சாவியை நகர்த்தத் தேவையான முறுக்கு விசைக்கு, ஜிஎம் வகுத்த அளவு 20 நியூட்டன்-சென்டிமீட்டர், கூடக்குறைய 5. டெல்ஃபி நிறுவனம் செய்து கொடுத்த ஆரம்ப சுவிட்சுகள் கீழ் எல்லையான 15-ஐக்கூட எட்டவில்லை. அது தெரிந்தே 2002-இல் ஒப்புதல் கிடைத்தது. விளைவு என்ன? சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் இடித்தாலோ, மேடுபள்ளத்தில் கார் குலுங்கினாலோ சாவி தானாகவே ஒரு நிலை பின்னால் நழுவிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின் அணையும். ஸ்டியரிங் இறுகும், பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசை போய்விடும், ஏர்பேக்கும் விரியாது. இதனால் இறந்தவர்கள் என்று பின்னாளில் இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை 124.

2005-இலேயே நிறுவனத்துக்குள் ஒரு மாற்று யோசனை வந்தது. ஒரு சுவிட்சுக்கு 90 சென்ட் கூடும், வாரண்டி செலவில் மிச்சமாவது 10, 15 சென்ட்தான் என்று கணக்குப் பார்த்து அதைக் கைவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் சுவிட்சை வடிவமைத்த பொறியாளர் ரே டிஜார்ஜியோ அந்தப் பாகத்தைச் சத்தமில்லாமல் சரிசெய்ய ஒப்புதல் கொடுத்தார். இன்னும் வலுவான பிடிப்பு. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை.

வாகனத் தொழிலில் இதைவிடப் பெரிய தவறுகள் அதிகம் இல்லை. ஒரு பாகத்தின் வடிவமோ, பொருந்தும் விதமோ, செயல்படும் விதமோ மாறினால் புது எண் கொடுக்க வேண்டும் என்பது அரிச்சுவடிப் பாடம். அதைச் செய்யாததால் ஒரே எண் போட்ட பெட்டிகளில் இரண்டு வகைச் சுவிட்சுகள் கிடங்குகளில் கலந்து கிடந்தன. 2008-க்குப் பிந்தைய கார்களில் பிரச்சினை ஏன் குறைகிறது என்று நிறுவனத்தின் சொந்த விசாரணையாளர்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. ஆவணத்தில் எந்த மாற்றமும் இல்லையே! ஜார்ஜியா மாநிலத்தில் 2010-இல் நடந்த ஒரு மரண விபத்து வழக்கில், குடும்பத்தின் வழக்கறிஞர் அமர்த்திய பொறியாளர் ஒருவர்தான் முடிச்சை அவிழ்த்தார். டீலரிடம் போய் ஒரு ஸ்பேர் சுவிட்ச் வாங்கினார், விபத்துக் காரிலிருந்து கழற்றியதோடு பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்தார். பிளஞ்சரின் நீளம் வேறு, ஸ்பிரிங்கின் வலு வேறு, எண் மட்டும் ஒன்று. 2015-இல் அமெரிக்க நீதித்துறையோடு ஜிஎம் 90 கோடி டாலர் கட்டி உடன்பாடு செய்துகொண்டது.

சரி, இது அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம் செய்தது. நம் ஊர் ஒர்க்ஷாப்பில் நடப்பது வேறு மாதிரி இருக்கும். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் மாற்றுவோம், மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி 'கடக் கடக்' என்று சத்தம் வரும். கிளட்ச் பிளேட் போட்டு அடுத்த சர்வீஸ் வருவதற்குள் நழுவ ஆரம்பிக்கும். கடைக்காரர் "ஃபிட்டிங் தப்பு சார்" என்பார், மெக்கானிக் "பார்ட்டு சரியில்ல சார்" என்பார். நடுவில் நிற்பவர் இரண்டாவது முறையும் லேபர் கொடுப்பார்.

இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் 'டூப்ளிகேட்'. போலி நிச்சயமாக இருக்கிறது. பிரபல நிறுவனத்தின் பெட்டியையும் ஹோலோகிராமையும் அச்சு அசலாகச் செய்து உள்ளே எதையோ வைத்து விற்பது குற்றம். வணிகச் சின்னச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் எல்லாப் பழியையும் போலியின் தலையில் போட்டுவிட்டால், சொந்தப் பெயரையே பெட்டியில் அச்சிட்டு மட்டமான சரக்கை விற்பவர் தப்பித்துவிடுகிறார். கம்பெனிப் பெட்டியிலேயே வரும் மட்டமான பாகமும் தப்பித்துவிடுகிறது.

அசெம்பிளி லைனுக்குப் போகும் பாகம் எப்படித் தேறுகிறது என்று பார்த்தால்தான் இடைவெளி புரியும். புதுப் பாகம் ஒன்றை சப்ளை செய்ய வேண்டுமானால், முதலில் உண்மையான உற்பத்தி மெஷினில், உண்மையான வேகத்தில், வழக்கமாகத் தொடர்ந்து 300 பீஸ் ஓட்டிக் காட்ட வேண்டும். தொழிலில் இதை பிபிஏபி என்பார்கள். அளவு எல்லைக்குள் இருந்தால் மட்டும் போதாது. எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு ஒரே சீராக இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். எந்த உருக்கு, எந்தச் சூளையில் எவ்வளவு நேரம், எந்த ரப்பர் கலவை, எதெல்லாம் தவறக்கூடும், தவறினால் எந்தக் கட்டத்தில் பிடிபடும் என்று எல்லாவற்றுக்கும் தாள் உண்டு. 2016 முதல் இதற்கான உலகத் தரவிதிக்கு ஐஏடிஎஃப் 16949 என்று பெயர். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் பத்து லட்சம் பீஸுக்கு எத்தனை கெட்டது என்று எண்ணுவார்கள். ஒரு மோசமான பேட்ச் லைனை நிறுத்தினால் சப்ளையருக்கு அபராதம். அந்தப் பயம்தான் நல்ல பாகத்தைச் செய்ய வைக்கிறது, தாள்கள் அதற்குத் துணை.

மாடல் நின்ற பிறகு என்ன நடக்கிறது? ஸ்பேர் கொடுத்தாக வேண்டும், ஆனால் தேவை சில நூறு பீஸாகச் சுருங்கிவிடும். பெரிய மெஷினில் அந்தச் சிறு எண்ணிக்கைக்காக டையை, அதாவது பாகத்தை வார்க்கும் அச்சை, ஏற்றி இறக்குவது கட்டாது. வேலை சிறிய பட்டறைக்குப் போகலாம், தேய்ந்த டையிலேயே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். மூல ரப்பர் கலவை கிடைக்காமல் 'அதற்கு இணையானது' உள்ளே வரலாம். இவற்றுக்கும் விதிமுறை உண்டு என்றாலும், நிறுத்த லைன் கிடையாது. கேள்வி கேட்க மறுமுனையில் ஆள் இல்லாதபோது விதிமுறை மெல்லத் தளர்கிறது. நேர்மையான சப்ளையரிடம்கூட இது நடக்கக்கூடும்.

மூன்றாவது வகை, அசலைப் பார்த்துச் செய்யும் சந்தைப் பாகம். அதில் நல்ல நிறுவனங்களும் நிறைய இருக்கின்றன. அசலின் குறையைத் திருத்தி மேலான பாகம் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் வெறும் மாதிரியை வைத்துச் செய்வதில் அடிப்படையான ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு பீஸை அளந்தால் அந்த ஒரு பீஸின் அளவுதான் தெரியும். வரைபடத்தில் அனுமதித்த எல்லை எது, இந்த பீஸ் அந்த எல்லையின் எந்த ஓரத்தில் இருக்கிறது என்பது தெரியாது. எல்லையின் ஓரத்தில் இருந்த ஒரு பீஸையே நடுப்புள்ளியாக வைத்து ஆயிரம் செய்தால், அதில் பாதி அசல் எல்லைக்கு வெளியே விழும். மாட்டும்போது 'கொஞ்சம் தட்டினா உட்கார்ந்துடும்' என்று சொல்ல வேண்டி வருவது இதனால்தான்.

அளவாவது பரவாயில்லை, வெர்னியர் வைத்தால் பிடித்துவிடலாம். உயிரைக் காக்கும் குணங்கள் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. புஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். உலோகக் குழாயும் ரப்பரும் சேர்ந்ததுதான் அது. உலோகத்தைச் சரியாகச் சுத்தம் செய்து, பசைப் பூச்சு கொடுத்து, சரியான வெப்பத்தில் ரப்பரை வேகவைத்தால் இரண்டும் பிரியாமல் ஒட்டும். சுத்தம் செய்யும் கட்டத்தில் சிக்கனம் பிடித்தால் பெட்டியில் இருக்கும்வரை அழகாகவே இருக்கும், சுமை ஏறியதும் பிரியும். ரப்பரில் சுண்ணாம்புத் தூளைக் கூடுதலாகக் கலந்தால் செலவு குறையும், கைக்கு ஒரே மாதிரிதான் தெரியும். சக்கரம் திரும்ப உதவும் பந்து மூட்டான பால் ஜாயின்ட்டில் பந்துத் தண்டின் உருக்கும் அதன் வெப்பப் பதமும் சரியாக இல்லாவிட்டால் முறியும். மேலே இருக்கும் ரப்பர் உறை ஒரு வெயிலுக்கு வெடித்தால் மண்ணும் தண்ணீரும் இறங்கி நல்ல உருக்கும் வீணாகும். பிரேக் பேடில் பிசினை அடுப்பில் முழு நேரம் வைக்காமல் எடுத்தால் கரண்டும் நேரமும் மிச்சம், ஆனால் ஏலகிரியோ கொல்லிமலையோ இறங்கும்போது சூடேறி பிடிப்பு குறையும். ஆயில் ஃபில்டருக்குள் என்ஜின் அணைந்ததும் ஆயில் பின்வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு இருக்கும். அது மட்டமானதென்றால் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்யும் முதல் சில வினாடிகள் என்ஜின் வறண்டு ஓடும். எத்தனை பேர் அந்த ஃபில்டரை அறுத்துப் பார்த்திருப்பார்கள்?

அப்புறம் அந்தக் கெட்டுப்போன பாகம் எங்கே போகிறது? வாரண்டியில் இருக்கும் காரில் டீலர் கழற்றும் பாகத்தைத் தொழிற்சாலை திருப்பிக் கேட்கும். அறுத்துப் பார்ப்பார்கள், பேட்ச் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள், அதே பேட்ச்சில் இன்னும் எத்தனை வந்தது என்று தேடுவார்கள். தெருவோர ஒர்க்ஷாப்பில் கழற்றும் பாகம் ஸ்கிராப் டிரம்முக்குப் போகும். அதோடு அதன் சாட்சியமும் போய்விடும். கடையில் கொடுக்கும் ஆறு மாத வாரண்டியைக் கேட்டுப் போகிறவர் சிலர்தான், போனாலும் கிடைப்பது இன்னொரு பாகம் மட்டுமே. லேபரும் ஒரு நாள் வேலையும் திரும்ப வராது. ஆகவே, விலையில் சிக்கனம் பிடித்த உற்பத்தியாளருக்கு அந்தச் சிக்கனத்தின் விலை தெரிவதே இல்லை. அதைக் கட்டுவது வண்டிக்காரர், பாதி நேரம் மெக்கானிக்கும்கூட. காசு வாங்காமல் இரண்டாம் முறை கழற்றி மாட்டும் மெக்கானிக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களும் ஏமாந்தவர்களே.

ஃபிட்டிங் தப்பாகவும் இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. சக்கரம் தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டை இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். சுத்தியலால் அடித்து ஏற்றிய பேரிங் ஊளையிடும். கிழிந்த பாகத்தைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்தால் எது காரணம் என்று சொல்லிவிடலாம். பார்க்க ஆளில்லை. அதனால் 'ஃபிட்டிங் தப்பு' என்பது விற்பவருக்கு எப்போதும் கைகொடுக்கும் பதிலாகிவிட்டது.

மாற்றிய பாகமே மறுபடி ஆபத்தாக வந்ததற்கு ஜப்பானின் டகாட்டா ஏர்பேக்கைவிடப் பெரிய உதாரணம் இல்லை. ஏர்பேக்கை ஊதவைக்கும் இன்ஃபிளேட்டரில் அம்மோனியம் நைட்ரேட் வைத்திருந்தார்கள். ஈரமும் வெப்பமும் மாறி மாறிப் பட்டால் அது சிதைந்து, விபத்தின்போது அளவுக்கு மீறி வெடித்து, உலோகக் கூட்டையே சிதறடிக்கும். வாஷிங்டன் மாநிலம் மோசஸ் லேக் ஆலையில் வெடிமருந்து வில்லைகளை அழுத்தும் மெஷினில், சரியாக அழுந்தாத வில்லையைத் தானாகத் தள்ளிவிடும் வசதி இருந்தது. அதை ஆபரேட்டர் கையாலேயே நிறுத்திவைக்கவும் முடிந்தது. தரக்கட்டுப்பாடு இருக்கிறது என்று தாளில் எழுதிவிட்டு அதன் ஸ்விட்சை அணைத்து வைப்பது இதுதான். 2008-இல் தொடங்கிய திரும்ப அழைத்தல் பத்துக் கோடி இன்ஃபிளேட்டர்களைத் தாண்டியது. அவசரத்துக்குப் பழைய இன்ஃபிளேட்டரை எடுத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்காத அதே வகைப் புது இன்ஃபிளேட்டரைப் பல கார்களில் போட்டார்கள். அதையும் மறுபடி மாற்ற வேண்டியிருந்தது. சோதனைத் தரவுகளைத் திரித்ததற்காக 2017 ஜனவரியில் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சம்மதித்தது, ஜூனில் திவாலானது. இந்தியாவிலும் லட்சக்கணக்கான கார்கள் இதற்காக அழைக்கப்பட்டன.

நமக்கு நல்ல பாகம் செய்யத் தெரியாது என்ற பேச்சை என்னால் ஏற்க முடியாது. சென்னை பாடியில் இருக்கும் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் தர மேலாண்மைக்காக ஜப்பானில் வழங்கும் டெமிங் பரிசு வாங்கியது. இந்தியாவில் முதலில் அதைப் பெற்றது அதுதான். அடுத்த சில ஆண்டுகளில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், டிவிஎஸ் மோட்டார், ரானே பிரேக் லைனிங்ஸ், லூகாஸ் டிவிஎஸ் என்று வரிசையாக வந்தன. சுந்தரம் ஃபாஸனர்ஸ் செய்த ரேடியேட்டர் மூடிகளை அதே ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கி விருதும் கொடுத்தது. கேட்டு எண்ணும் வாடிக்கையாளர் இருந்தால் இங்கேயே உலகத் தரத்தில் செய்ய முடிகிறது. அதே ஊரின் ஜிபி ரோட்டில் ஸ்பேர் வாங்க நிற்பவர் தனி ஆள், எண்ணுவதற்கு அவரிடம் ஒரே ஒரு பீஸ்தான் இருக்கிறது.

எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு டயர் சாட்சி. அதற்கு ஊர் பேர் உடலிலேயே எழுதியிருக்கும். பக்கச் சுவரில் இருக்கும் குறியீட்டின் ஆரம்ப எழுத்துகள் ஆலையைச் சொல்லும், கடைசி நான்கு இலக்கம் வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். 2000-இல் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் தோல் உரிந்து விபத்துகள் நடந்தபோது, இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் குறியீட்டின்படி பிரித்துப் பார்த்தார்கள். இல்லினாய் மாநிலம் டிகேட்டர் ஆலையில் செய்த டயர்கள்தான் அதிகம் சிக்கின. ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த ஆண்டே அமெரிக்கா, குறைபாட்டுத் தகவல்களை நிறுவனங்கள் முன்கூட்டியே அரசுக்குத் தர வேண்டும் என்று சட்டம் போட்டது. ஒரு புஷ்ஷுக்கோ பால் ஜாயின்ட்டுக்கோ இப்படி ஒரு குறியீடு இருந்திருந்தால் எத்தனை மோசமான பேட்ச்சுகள் நடுவழியிலேயே பிடிபட்டிருக்கும்?

இந்தியாவில் 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ பிரிவைச் சேர்த்தார்கள். குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க அரசே ஆணையிடலாம். ஒரு பாகத்தில்தான் குறை என்றால், அந்தப் பாகம் உள்ள எல்லா வண்டிகளையும் அழைக்கச் சொல்லலாம். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன, அபராதம் 10 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை. நல்ல சட்டம்தான், ஆனால் இரண்டு ஓட்டைகள். ஒன்று, ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். கம்பெனி சர்வீஸை விட்டு வெளிக்கடை ஸ்பேருக்குப் பெரும்பாலானவர்கள் மாறுவது ஏறக்குறைய அந்த வயதில்தான். இன்னொன்று, கடையில் விற்ற பாகம் எந்த வண்டியில் இருக்கிறது என்ற பட்டியலே கிடையாது, பிறகு யாரை அழைப்பது? பில்லில் இருக்கும் 8708 என்ற ஜிஎஸ்டி தலைப்பு எண் பம்பருக்கும் ஒன்றுதான், கிளட்ச்சுக்கும் ஒன்றுதான்.

அதே சட்டத்தின் 182ஏ பிரிவு, பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்று அரசு அறிவித்த பாகத்தைத் தரமில்லாமல் விற்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. கூர்மையான கருவி. அதைப் பிரயோகிக்க முதலில் கெட்ட பாகம் கையில் இருக்க வேண்டும், அதை யார் எப்போது செய்தார்கள் என்றும் தெரிய வேண்டும். அதனால்தான் பழுதான பாகத்தை டிரம்மில் போடாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பெட்டியைக் கிழித்து எறிய வேண்டாம். பாக எண்ணையும் பேட்ச் எண்ணையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், கிலோமீட்டர் ரீடிங்கையும் குறித்து வையுங்கள். மாற்றிக் கேட்கும்போது பேச்சு வேறு மாதிரி போகும்.

ஆனால் தனி ஆளின் சாமர்த்தியத்தால் தீரும் விஷயம் இல்லை இது. பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பாகங்களில் பெட்டியின் மேல் மட்டும் இல்லாமல் பாகத்தின் உடலிலேயே ஆலைக் குறியும் தயாரித்த வாரமும் பதிக்கக் கட்டாயப்படுத்த வேண்டும், டயருக்குச் செய்தது போல. கடைகள் திருப்பி வாங்கும் கெட்ட பாகங்களின் எண்ணிக்கையை உற்பத்தியாளர் பேட்ச் வாரியாக அரசிடம் தெரிவிக்க வேண்டும். வண்டியின் வயது ஏழு ஆண்டைத் தாண்டிவிட்டது என்பதற்காக அதில் புதிதாகப் போட்ட பிரேக் பேடின் குறையைச் சட்டம் கேட்காமல் விடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை. அந்த ஏழாண்டு வரம்பு, உதிரிபாகங்களைப் பொறுத்தவரை, வண்டி பதிவான நாளிலிருந்து ஓடக்கூடாது, பாகம் விற்ற நாளிலிருந்து ஓட வேண்டும்.